எல் போர்டில் ஒரு பூனை

காரில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ம், எடு" என்று சொன்ன பிறகுதான் ஓட்டுநர் இருக்கையில் யாருமே இல்லை என்பது மாஸ்டருக்கு உறைத்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடமாக அவர் உட்கார்ந்த இடம் பக்கத்து இருக்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு அதுதான் நாற்காலி, அதுதான் ஆபீஸ். அந்தப் பக்கத்துக் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எதை மிதித்தாலும், எதை மிதிக்க மறந்தாலும், மாஸ்டரின் கால் முந்திக்கொள்ளும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட, ஏதாவது வண்டி வேகமாக வந்தால் அவர் கால் தானாகத் தரையை மிதிக்கும். முகத்துக்கு நேரே 'மாஸ்டர்', முதுகுக்குப் பின்னால் 'பிரேக் மாஸ்டர்'. இரண்டும் அவருக்குத் தெரியும்.

எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க மாஸ்டர்?"

"டிரைவருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, இறங்கி, காரைச் சுற்றி வந்து, டிரைவராகவும் தானே ஏறிக்கொண்டார். அந்த அம்மாள் துணியைப் பிழிவதையே நிறுத்திவிட்டார்.

விஷயம் இதுதான். கோடை விடுமுறைக்கு மனைவியும் மகளும் ரயிலேறி, மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அடுத்த நகரம். நடுவே ஒரு பெரிய சமவெளியும், அதை மறித்துக்கொண்டு ஒரு மலையும். மனைவியின் அண்ணன் அந்த மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்கும் பஸ் டிரைவர். தோள்பட்டை கதவை அடைக்கும், குரல் தெருவை அடைக்கும். மாஸ்டரின் தொழிலை அவர் ஒரு தொழிலாகவே மதித்ததில்லை.

போன வாரம் அவர் போனில் கூப்பிட்டார். பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுன்டரில் ஓர் இடம் காலியாம். மாஸ்டருக்காகச் சொல்லி வைத்திருக்கிறாராம். ஸ்கூலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஃபேன் உண்டு, நிம்மதி உண்டு என்று அடுக்கினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் குளிர்சாதன வகுப்பறையோடு புது டிரைவிங் ஸ்கூல் வந்ததிலிருந்து மாஸ்டரிடம் மிஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணுகிற கூட்டம்தான். ஆனால் கடைசியில் ஒன்று சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. மூணாவது கியரைத் தாண்டாத மனுஷன் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றது, நீச்சல் தெரியாதவன் கரையில நின்னு கையை ஆட்டுற மாதிரி."

மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம், அது உண்மை. கற்றுக்கொள்கிறவர்களோடு ஊருக்குள் மூன்றாவது கியருக்கு மேல் போக வழியே இல்லை. மாஸ்டர் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு தடவைகூடத் தானாக வண்டி ஓட்டியதில்லை. "நானே தனியா ஓட்டிக்கிட்டு வர்றேன் மச்சான். வந்து நேர்ல பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆக, இந்தப் பயணம் முடியும்போது ஒன்று அவர் மாஸ்டராகவே இருப்பார், அல்லது டிக்கெட் கவுன்டரில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

கூரையிலிருந்த 'டிரைவிங் ஸ்கூல்' பலகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். டிக்கியைத் திறந்து பார்த்தார். பயிற்சிக்கு வைக்கும் கூம்புகளும், குட்டையான மாணவர்களுக்கான மெத்தைகளுமாக நிறைந்திருந்தது. ஊருக்குக் கட்டிய துணிப் பெட்டியைத் தூக்கி முன்னால் தன் பழைய சிம்மாசனத்திலேயே வைத்தார். பின்பக்கம் டிக்கிக் கதவில் இருந்த சிவப்பு 'எல்' எழுத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழைய ஸ்டிக்கர் கிழிந்துபோனதால், ஊருக்குப் புறப்படும் முன் மகள் அதை எனாமல் பெயின்ட்டில் எழுதியிருந்தாள். எழுதியதோடு விட்டாளா? அந்த எழுத்தின் மடியில், மீசையும் வாலுமாக ஒரு பூனையை உட்கார வைத்திருந்தாள். "தனியா இருந்தா எல்லுக்குப் பயமா இருக்கும்ப்பா" என்றாள். அதைச் சுரண்ட மாஸ்டருக்கு மனம் வரவில்லை.

ஊர் எல்லையைத் தாண்டியதும் சாலை அகலமாகி, நேராகி, கண்ணுக்கெட்டிய வரை ஓடியது. மாஸ்டர் அப்படி ஒரு சாலையைப் படத்தில் பார்த்திருக்கிறார். தனக்கு எதிரே பார்த்ததில்லை. குறுக்கே ஓடும் நாய் இல்லை, திடீரென்று கதவைத் திறக்கும் ஆட்டோ இல்லை, பந்தைத் துரத்தும் பிள்ளைகள் இல்லை. வானம் இவ்வளவு பெரிதா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊருக்குள் இருக்கும்போது அவர் பார்த்த வானமெல்லாம் இரண்டு மாடிகளுக்கு நடுவே கிடைத்த துண்டுதான்.

கியர் கம்பியின் குமிழைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் எத்தனையோ கைகள் பட்டுத் தேய்ந்து அழிந்திருந்தன. நான்கும் ஐந்தும் கடையில் வாங்கிய அன்றுபோல் பளபளவென்று இருந்தன.

"நாலைப் போடு" என்று தனக்குத் தானே சொன்னார். யாருக்காவது சொல்லாமல் அவருக்கு வண்டி ஓட்ட வராது. போட்டார். எஞ்சினின் இரைச்சல் குறைந்தது. கொஞ்ச தூரம் போனதும், "பயப்படாதே. அஞ்சைப் போடு" என்றார். கை குமிழை முன்னே தள்ளியது. இத்தனை வருடமாகச் செருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்த வண்டி சட்டென்று அமைதியாகி, வழுக்கிக்கொண்டு போனது. இது நம் வண்டிதானா என்று டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த நிலம் மஞ்சளாகச் சுழன்று பின்னால் போயிற்று. மாஸ்டரின் கண்ணில் தண்ணீர் கட்டியது. ஜன்னல் காற்று என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஆனந்தத்தில்தான் தூரத்தில் ஒரு வண்டியைப் பார்த்து பிரேக்கை லேசாகத் தொட்டார். பக்கத்து இருக்கையிலிருந்த பெட்டி முன்னால் சரிந்து, கீழே விழுந்து, அந்தப் பக்கத்துப் பிரேக்கின் மேல் தொம்மென்று உட்கார்ந்தது. வண்டி கிறீச்சென்று அலறிக்கொண்டு நட்டநடுச் சாலையில் நின்றது. பின்னால் வந்த டேங்கர் லாரி ஒதுங்கி, கடந்துபோகும்போது அதன் டிரைவர் மாஸ்டரின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் ஓரம் கட்டினார். பெட்டியைத் தூக்கி இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, அதற்குப் பெல்ட்டும் போட்டுவிட்டார். இனிமேல் அது அசையாது. அந்தத் தீர்வில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த சாலைச் சந்திப்பிலேயே போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். மீசை நரைத்தவர், நிதானமானவர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்னால் நின்று பூனையைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, ஜன்னலுக்கு வந்தார்.

"கத்துக்கிறவர் தனியா வரக் கூடாதுன்னு தெரியாதா? வாத்தியார் எங்கே?"

"நான்தான் சார் வாத்தியார்."

"அப்ப கத்துக்கிறவர் எங்கே?"

"யாரும் இல்லை சார். நான் மட்டும்தான்."

காவலர் உள்ளே குனிந்து, வாத்தியாரின் இருக்கையில் பெல்ட் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

லைசென்ஸைக் காட்டி எவ்வளவோ விளக்கியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. இரண்டு தடுப்புகளுக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்திக் காட்டச் சொன்னார். மாஸ்டர் அதை ஒரே வீச்சில், அளந்து வைத்ததுபோல் செய்தார். இருபது வருடத்தில் கைகட்டி நின்று பிறருக்குச் சொன்னதையெல்லாம் தானே செய்து காட்டியது அன்றுதான். காவலர் தட்டிக்கொடுத்தார். "நல்லா வருது. போகப் போகப் பயம் தெளிஞ்சிடும்" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வேறு என்ன சொல்வது?

எல்லாம் அந்த எல்லால் வந்த வினை. ஒரு மரத்தடியில் நிறுத்தி, பெட்டியிலிருந்து பெரிய துண்டை எடுத்து டிக்கிக் கதவின் இடுக்கில் செருகி, எழுத்தையும் பூனையையும் மறைத்துத் தொங்கவிட்டார். இனி ஒருவனும் தன்னைக் கற்றுக்குட்டி என்று சொல்ல முடியாது. நான்கு, ஐந்து என்று மறுபடி கியர் ஏறினார்.

அந்த ஐந்தாவது கியரில்தான் மலை வந்தது. முதலில் அதை மேகம் என்று நினைத்தார். நெருங்க நெருங்க மேகத்துக்கு விளிம்பு வந்தது, விளிம்புக்கு மடிப்பு வந்தது, மடிப்புக்குள் காடு வந்தது. பிறகு அது வளர்ந்துகொண்டே போய்க் கண்ணாடியை நிறைத்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தும் உச்சி தெரியவில்லை. இதன் மேலேயா ரோடு போட்டிருக்கிறார்கள், இதன் மேலேயா தினமும் மச்சான் பஸ் ஓட்டுகிறார் என்று வாயைப் பிளந்தார். முதல் தடவையாக மச்சான் மேல் அவருக்கு மரியாதை வந்தது. கூடவே பயமும் வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே தடுப்புக் கட்டைகளுக்கு ஒளிரும் பட்டை ஒட்டிக்கொண்டிருந்த பெண் காவலர் காரை மறித்தார்.

"நம்பர் பிளேட்டை மூடிக்கிட்டு எங்கே ஓட்டம்?"

மாஸ்டர் இறங்கிப் பார்த்தார். துண்டு காற்றில் சரிந்து நம்பர் பிளேட்டைக் கச்சிதமாகப் போர்த்தியிருந்தது. பெண் காவலர் துண்டை உருவினார். எல்லும் பூனையும் வெளியே வந்தன.

"டிரைவிங் ஸ்கூல் வண்டிங்க" என்றார் மாஸ்டர்.

"ஸ்கூல்ல இருந்து தூக்கிட்டு வந்துட்டியா?"

"என் ஸ்கூல்தாங்க அது. நான்தான் மாஸ்டர்."

"மாஸ்டர் எதுக்கு எல் போர்டை மறைக்கணும்?"

அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பெண் காவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திடீரென்று இளகிப்போனார். தானும் எல் போர்டோடுதான் ஆரம்பித்ததாகவும், அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை என்றும், மலையில் லாரிக்காரர்கள் கண்மண் தெரியாமல் வருவார்கள், இப்படி மங்கலாக எழுதினால் யார் பார்ப்பார்கள் என்றும் அக்கறையாகக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், தடுப்புக் கட்டைக்கு வைத்திருந்த ஒளிரும் பட்டையைக் கத்தரித்து எல் எழுத்தின் ஓரமெல்லாம் ஒட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, மனசு கேட்காமல், பூனையின் கண்ணுக்கும் மீசைக்கும் வாலுக்கும்கூட ஒட்டிவிட்டார்.

"இப்ப ஒரு மைல் தள்ளி வர்றவனுக்குக்கூடத் தெரியும்" என்றார் சந்தோஷமாக. மாஸ்டர் இதற்கும் நன்றி சொன்னார்.

ஏற்றம் அவர் நினைத்ததைவிட நல்லபடியாகப் போனது. இரண்டாவது கியர் அவருக்குச் சொந்த வீடு. வளைவுக்கு வளைவு, "ஹாரன் கொடு, கண்ணாடியைப் பார், இப்ப திருப்பு" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார். பெட்டியும் ஒழுங்காக உட்கார்ந்து வந்தது. உச்சியில் சாலை சட்டென்று திறந்தது. மாஸ்டர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார்.

கீழே பூமியைக் காணோம். கண்ணெட்டும் தூரம் வரை மேகம். கோடை மழை பெய்து ஓய்ந்த மேகமெல்லாம் பள்ளத்தாக்கில் இறங்கிப் படுத்துக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல், வெயிலில் மெல்ல அசைந்தது. நடுவில் ஒரு சிகரம் மட்டும் தீவு மாதிரி எட்டிப் பார்த்தது. பறவை ஒன்று அவருக்குக் கீழே பறந்து போயிற்று. பறவையின் முதுகை மாஸ்டர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைகள் தாமாகக் குவியப் பார்த்தன. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இந்தக் காட்சி இங்கே தினம் தினம் நடந்துகொண்டிருக்க, தான் ஒரே பயிற்சி மைதானத்தை எட்டுப் போட்டு எட்டுப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்ததை நினைத்தால் அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மகளை இங்கே கூட்டிவர வேண்டும் என்று நினைத்தார். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே ஓட்டி வர வேண்டும்.

வண்டியில் ஏறின பிறகுதான் விஷயம் புரிந்தது. இறங்க வேண்டிய சாலை அந்த மேகத்துக்குள்ளேதான் போகிறது.

இரண்டாவது வளைவில் உலகம் மறைந்தது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் முன்னால் இருந்த வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் பாறை, எந்தப் பக்கம் பாதாளம் என்று தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தார். பின்னால் வருகிறவன் வந்து இடித்தால் என்ன ஆவது என்று அந்த நினைப்பையும் விட்டார்.

"பயப்படாதே" என்றார் தனக்கு. முதல் நாள் வந்து உட்கார்ந்து உதடு துடிக்கிற மாணவர்களிடம் பேசுகிற அதே குரல். "தூரத்தைப் பார்க்காதே. ஓரத்தைப் பார். ஓரத்துல வெள்ளைக் கோடு இருக்கும்."

இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருபது வருடமாக அவர் பார்த்ததெல்லாம் சாலையின் ஓரத்தைத்தான். முன்னால் போகிற லாரியை மாணவர் பார்த்துக்கொள்வார். சாக்கடையையும் நடைபாதையையும் பார்த்துக்கொள்வது மாஸ்டரின் வேலை. ஜன்னலை இறக்கினார். கோட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் கியர். "வளைவு வருது. பின்னால வர்றவனுக்குச் சொல்லு. பிரேக்கை ரெண்டு தடவை தொடு. இண்டிகேட்டர் போடு. இப்ப திருப்பு, மெதுவா, மெதுவா, ஆங்." இண்டிகேட்டரை அணைத்தார். மறுபடியும் கோடு.

அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது.

கண்ணாடியில் இரண்டு பெரிய விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. லாரியோ பஸ்ஸோ, என்னவென்று தெரியவில்லை. ஹாரன் நின்று மறுபடி அடித்தது. அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு ஹாரன், அதற்கும் பின்னாலிருந்து வேறொன்று. மாஸ்டருக்கு உடம்பு கூசியது. ஒரு மலையையே அடைத்துக்கொண்டு நத்தைபோல் போகிறோம். எல் போர்டு வேறு பின்னால் தகதகவென்று மின்னுகிறது. திட்டாமல் என்ன செய்வார்கள்?

சாலை அகலமான ஓர் இடம் வந்தது. இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி நின்று, ஜன்னல் வழியே கையை நீட்டி, போங்கள் என்று ஆட்டினார். அந்தப் பெரிய வண்டி போகவில்லை. அதுவும் ஒதுங்கி அவருக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றன. ஹாரன் மட்டும் நிற்கவில்லை.

சண்டைக்கு வருகிறார்கள் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். அவசரமாக வண்டியை எடுத்தார். உடனே எல்லா வண்டிகளும் எடுத்தன. கொஞ்சம் வேகத்தைக் கூட்டினால் ஹாரன் ஆத்திரமாக அலறியது. குறைத்தால் அடங்கியது. வேகமாகப் போகச் சொல்லித் திட்டுகிறார்களா, மெதுவாகப் போகச் சொல்லித் திட்டுகிறார்களா என்றே புரியவில்லை. இன்னோர் அகலமான இடத்தில் மறுபடி ஒதுங்கினார். மறுபடி அதே கதை. இந்தத் தடவை பெரிய வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து கனத்த உருவம் ஒன்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி வந்தது.

மாஸ்டர் அடி வாங்கிப் பழக்கமில்லாதவர். கிளட்சை விட்டார், கிளம்பிவிட்டார்.

ஓர் இடத்தில் காற்று வீசி மேகம் கிழிந்தது. கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்த மாஸ்டர் மூச்சை மறந்தார். மலையின் மடிப்புகளில், வளைவுக்கு மேல் வளைவாக, உச்சி வரைக்கும் விளக்குகள். பட்டப்பகலில் ஒரு மலை முழுக்க விளக்கு வரிசை, அவர் திரும்பிய இடத்திலெல்லாம் திரும்பி, அவர் நின்ற இடத்திலெல்லாம் நின்று, அவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பயத்திலும் அவருக்கு அது அழகாக இருந்தது. இத்தனை பேருக்கும் இடைஞ்சலாக இருக்கிறோமே என்று வெட்கத்தில் உடம்பு குறுகியது. மேகம் மறுபடி மூடிக்கொண்டது. மாஸ்டர் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடிவாரத்தில் வெயில் வந்த கணமே ஐந்தாவது கியரைப் போட்டு ஓடினவர், திரும்பியே பார்க்கவில்லை.

மாமனார் வீட்டு வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டிக்கியைச் சுவரோடு சுவராக ஒட்டி வண்டியை நிறுத்தினார். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, தனியாகவா வந்தாய், தனியாகவேவா வந்தாய் என்று கேட்டுக் கேட்டுக் குதித்தாள். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணன் வந்ததும் சொல்லிடலாம்" என்றார் மாஸ்டர். "அந்த கவுன்டர் வேலைக்குச் சேர்ந்துக்கிறேன்."

"அதான் ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களே."

"வந்தேன். ஊரே பின்னால திட்டிக்கிட்டு வர வந்தேன். உங்க அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு மைதானம்தான் லாயக்கு."

மனைவிக்குக் கண் கலங்கியது. கவுன்டர் வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள்தான். அது இந்த முகத்தோடு கிடைக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை.

மச்சான் வழக்கத்தைவிட மிகவும் தாமதமாக வந்தார். தெருவை அடைக்கும் குரலைக் காணோம். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தங்கை கொடுத்த தண்ணீர் டம்ளர் அவர் கையில் லேசாக ஆடியது.

"என்னண்ணா இவ்வளவு நேரம்?"

"மலையில மேகம் இறங்கிடுச்சு" என்றார். "என் முன்னால ஒரு எல் போர்டு வண்டி."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தார்.

"மலை மேலேருந்து கீழ வரைக்கும் அந்த எல்லுக்குப் பின்னாலதான் வந்தோம். லாரி, காரு, பஸ்ஸு, எல்லாம். அதுல ஒரு பூனை வேற. மீசையும் வாலும் அப்படியே மின்னுது."

மாஸ்டர் மகளைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. பெருமையில் அவள் முகம் ஏற்கெனவே விரிந்துவிட்டிருந்தது.

"மாமா, அது என்னோட பூனை. நான் வரைஞ்சது. அது எங்கப்பா வண்டி."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். சுவருக்கும் காருக்கும் நடுவே அந்தப் பெரிய உடம்பை நுழைக்கப் பார்த்து, முடியாமல், தலையை மட்டும் நீட்டி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். இடுக்குக்குள் பூனையின் கண் பளிச்சென்றது. ரொம்ப நேரம் அப்படியே குனிந்து நின்றார். பிறகு உள்ளே வந்து மாஸ்டரின் எதிரே நின்றார்.

மாஸ்டரும் எழுந்துவிட்டார். "நான் ரெண்டு தடவை ஒதுங்கினேன் மச்சான். சத்தியமா ஒதுங்கினேன். வழி விட்டேன். அப்பவும் நீங்க போகாம, பின்னாலயே நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

மச்சான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ரோடே தெரியல மாப்பிள்ளை. பஸ் நிறைய ஜனம். வழி விடச் சொல்லியா அடிச்சேன்? எங்களை விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு அடிச்சேன்."